டம்மி நம்பர் 40718

சித்திரை வெயில். பாளையங்கோட்டை.
கட்டுக்கு முப்பது தாள்,
முப்பதிலும் முதல் வரி ஒன்றே:
"இடைக்கால ஐரோப்பாவில் கதீட்ரல்கள்
மிகவும் சிறப்பு வாய்ந்தவை."
நோட்ஸ் விற்ற டியூஷன்காரர் நல்லா இருக்கட்டும்.

மின்விசிறி தாளைப் புரட்டப் பார்க்கிறது,
ஸ்டேப்ளரை வைத்து அடக்குகிறேன்.
ஜன்னலில் வேம்பு. வேம்புக்கு மேலே
ஊசிக்கோபுரத்தின் கூர்.
அதன் காதில் இன்றைக்கு
ஒரு நூல் மேகமும் கோக்கவில்லை.

பெயர் கிழித்த தாள்கள்.
யார் பிள்ளை, எந்த ஊர், எந்தத் தெரு,
எதுவும் தெரியக்கூடாது. எண் மட்டும்.
அந்தக் காலக் கல்தச்சர்களும்
செதுக்கிய கல்லில் ஒரு கீறல் போட்டார்கள்,
கூலிக்கு எண்ணிக்கொள்ள.
வகுப்பில் இதைச் சொல்வேன்.
தேர்வுக்கு வராது என்று தெரிந்ததும்
பேனாவை மூடிவிடுவார்கள்.

40718.
அவனோ அவளோ,
இதுவும் சிறப்பு வாய்ந்தவையில்தான் தொடங்குகிறது.
இரண்டாம் பக்கத்தில் தடம் மாறுகிறது.

"வட்ட வளைவு சுமையைப் பக்கத்தில் தள்ளும்.
கூர் வளைவு காலுக்கு இறக்கும்.
மீன்கூடை தூக்குகிறவளுக்கு
இது புத்தகம் இல்லாமலே தெரியும்.

பறக்கும் உதைசுவர் என்பது
வெளியே நின்று முட்டுக் கொடுப்பது.
வெயிலும் மழையும் அதற்கு.
பூசை உள்ளே நடக்கும்.

பொவே நகரத்தில் 1284-இல் கூரை விழுந்தது.
கூரை என்றுதான் பாடத்தில் இருக்கிறது.
ஆள் என்று இல்லை."

இந்த இடத்தில் நீல மை தீர்ந்து
கறுப்பு.

"எங்கள் ஊர்க் கோவிலைப் பதினாறு வருடம் கட்டினோம்.
சனிக்கிழமை மீன்பாட்டில்
வல்லத்துக்கு ஒரு பங்கு.
சாளை பட்டால் சுவர் ஏறும்,
படாவிட்டால் கம்பி துருப்பிடிக்கும்.
கடலில் இருந்து வரும்போது
முதலில் கோபுரம் தெரியும்,
கரை பிறகு."

விடைக்குறிப்பில் வண்ணக் கண்ணாடிக்கு இரண்டு மதிப்பெண்.
இதில் கண்ணாடியே இல்லை.
ஜன்னல் வைக்கக் காசு சேரவில்லை போல.
பத்துக்கு எட்டு போட்டேன்.
கணக்குக் கேட்டால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஐந்து மதிப்பெண் கேள்வி:
இடைக்கால ஐரோப்பாவின் புகழ்பெற்றோர் ஐவரைக் குறிப்பிடுக.

சார்லமேன், பேரரசர்.
சூஜே, மடாதிபதி.
ஹில்டகார்ட், துறவி. மருந்தும் எழுதினார், பாட்டும் எழுதினார்.
அக்வினாஸ், இறையியல்.
கஸ்பார், சாரம் கட்டுகிறவர். மணிக்கூண்டு வரை ஏறினார்.

ஏறினார் என்பதோடு நிற்கிறது.
முற்றுப்புள்ளி தாளைக் குத்தி
மறுபக்கம் வந்திருக்கிறது.

விதி எனக்குத் தெரியும். வாசலிலேயே ஒட்டியிருக்கிறது.
எழுதியவரை அடையாளம் காட்டும் பெயர்
விடைத்தாளில் இருந்தால்
தனியே எடுத்துவைத்து எழுதிக் கொடுக்க வேண்டும்.
சிவப்புப் பேனாவை மூடினேன். திறந்தேன்.

அருமைநாயகம் சார் வந்தார், தலைமைத் தேர்வாளர்,
கழுத்துப்பட்டைக்குள் கைக்குட்டை செருகி.
பத்துக்கு ஒரு தாள் உருவிப் பார்ப்பது அவர் வேலை.
கை நேராக அதில் போய் விழுந்தது.

"நாலு பேர் சரி. இது யாரு, கஸ்பார்?
கீயில இல்லியே."
"வேலைக்காரர் சார். பிரான்சு."
"நான் படிச்ச ஞாபகம் இல்லியே."
"இருக்காது சார்."
"எந்த நூற்றாண்டு?"

வேம்பில் ஒரு காக்கை
கிளை மாறி உட்கார்ந்தது.

"பதிமூணு" என்றேன்.

கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
என்னைப் பார்த்தார்.
தாளைப் பார்க்கவில்லை.
பிறகு பச்சை மையில்
கஸ்பாருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கீறல்.
"டீ ஆறுது, குடியும்" என்று
அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

ஐந்துக்கு ஐந்து.
டீயில் ஆடை படர்ந்திருந்தது.
40719-ஐ எடுத்தேன்.

இடைக்கால ஐரோப்பாவில் கதீட்ரல்கள்
மிகவும் சிறப்பு